சுவர் இல்லாத தண்ணீர்

அந்த நாட்டுக்குக் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதற்கு நேரம் வாய்க்காமலே காலத்தை ஓட்டிய குடும்பங்களில் வாத்து டீச்சருடையதும் ஒன்று. ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் கடலைக் கண்ணால் கண்டதில்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதனால் அவள் அதை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

நகராட்சி நீச்சல்குளத்தில் வேலை. கழுத்தில் விசிலோடு, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, வழுக்கிவிடாமல் இருக்கப் பாதங்களை அகட்டி அகட்டி வைத்து ஈரத்தரையில் நடப்பாள். அந்த நடையைப் பார்த்து ஏதோ ஒரு வாண்டு வைத்த பெயர்தான் வாத்து. வைத்த வாண்டு வளர்ந்து ஆளாகி, கல்யாணமும் ஆகி, தன் பிள்ளையைக் கொண்டுவந்து அவளிடமே சேர்த்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் நிற்கும் காவலாளியே கொஞ்சம் யோசிப்பார்.

பயந்தவர்களை மிதக்க வைப்பதில் அவளுக்குக் கைராசி உண்டு. முதுகுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, கூரை விளக்குகளைப் பார்க்கச் சொல்லி, ஏதாவது ஊர் வம்பு பேசிக்கொண்டே கையை மெல்ல உருவிக்கொள்வாள். கை போய்விட்டது என்று அந்த ஆளுக்குத் தெரியும்போது தண்ணீர் அவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். அவளால் மிதக்க வைக்க முடியாத ஒரே ஆள் அவள் கணவர். ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரர். தண்ணீர் என்றால் ஒன்று வாளியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐஸாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவள் நீச்சல் கற்றுக்கொண்டதே ஒரு விபத்து மாதிரிதான். அம்மா இல்லாத வீடு. அம்மா போனபோது அவளுக்கு நினைவு தெரியாத வயது. அப்பா காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அக்காதான் வளர்த்தாள். அக்காவுக்கு இதே குளத்து கேன்டீனில் கோப்பை கழுவும் வேலை. குட்டித் தங்கையைத் தனியாக வீட்டில் விட மனசு வராமல் கூடவே இழுத்து வருவாள். கேன்டீன் ஜன்னல் வழியாகப் பார்த்தால் குளம் முழுக்கத் தெரியும். கண்ணெதிரே கிடக்கட்டும் என்று தங்கையைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள். தங்கை தண்ணீரிலேயே வளர்ந்தாள். அக்காவுக்கு ஒரு நாளும் அந்தத் தண்ணீரில் இறங்க நேரம் வாய்க்கவில்லை.

பிறகு அக்கா பக்கத்து நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு, மீன் டின்னில் அடைக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். கொஞ்ச காலம் இருந்துவிட்டு வருவதாகத்தான் பேச்சு. போன இடத்தில் ஒரு கல்யாணம் நடந்தது, அது நிலைக்கவில்லை, வேலை நிலைத்தது. டீச்சருக்குப் பெரிய மகள் பிறந்தபோது ஒருமுறை வந்து போனாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் கப்பல் ஒன்று நீளமாக ஊதும். ஊதி முடிகிற வரைக்கும் அக்கா பேச்சை நிறுத்திக்கொள்வாள். டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்பாள். கடல் மேல் அவளுக்கு ஏக்கம் வந்ததே அந்தச் சத்தத்தில்தான். அக்கா மேல் இருந்த ஏக்கமும் அதோடு கலந்துபோய், எது எதுவென்று பிரிக்க முடியாமல் ஆகிவிட்டது.

பெரியவள் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியூர் படிக்கப் போவதற்குள் நாலு பேரும் சேர்ந்து ஒருமுறை வெளிநாடு போய்வர வேண்டும் என்று ஆரம்பித்தவர் கணவர்தான். போனால் கடல். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தக் கடல் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. கணவருக்கு மணல்திட்டுக் கடற்கரை ஒன்று பிடித்துப்போனது. அங்கே எவ்வளவு தூரம் உள்ளே போனாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாதாம். பெரியவளுக்குத் தீவுதான் வேண்டும். அவள் வகுப்பில் யாரோ ஒருத்தி போய்வந்து படம் காட்டியிருந்தாள். சின்னவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, சுறா வருமா வராதா. வந்தால் உங்கம்மா தப்பித்துவிடுவாள், முதலில் மாட்டுவது நான்தான் என்றார் அப்பா. இந்தக் கூத்தில் டீச்சரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் எங்கே இருந்தால் என்ன, அவளுக்குச் சந்தோஷம்தானே என்று நினைத்துக்கொண்டார்கள்.

கேட்டவள் டிராவல்ஸ் ஆபீஸ் பெண் ஒருத்திதான். மற்ற மூன்று பேரும் மேஜையில் பரப்பிய படங்களின் மேல் கவிழ்ந்திருந்தார்கள். டீச்சர் சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் நின்றிருந்தாள். மணல்திட்டுக் கடற்கரையிலிருந்து கரையோரமாகவே விரலை ஓட்டிக்கொண்டு போனால், மேலே ஒரு புள்ளியில் அக்காவின் துறைமுகம் இருந்தது. விரல் அங்கே நின்றதை அந்தப் பெண் கவனித்து, அங்கேயா போக வேண்டும் என்று கேட்டாள். அது சரக்குக் கப்பல் வருகிற ஊர், சுற்றிப்பார்க்க யாரும் போவதில்லை என்றாள். கணவர் தலையைத் தூக்கி, கிரேனைப் பார்க்கவா வெளிநாடு போவார்கள் என்று சிரித்தார். டீச்சரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். கடைசியில் மணல்திட்டு என்று முடிவானது. திங்கட்கிழமை வந்து டிக்கெட்டை உறுதி செய்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். நல்ல இடம், போய்ட்டு வாங்க என்று அக்கா சட்டென்று சொன்னாள். இங்கே வந்தால் எண்ணெய் நாற்றமும் மீன் நாற்றமும்தான், பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றாள். பிறகு கேட்டாள்:

"அங்க தண்ணி சூடா இருக்குமாமே?"

"அப்படித்தான் சொல்றாங்க. உன் ஊர்ல எப்படி இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் இன்னும் காலே நனைச்சதில்ல."

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. கடலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு என்ன பேச்சு இது என்றாள்.

"யாரு கூடப் போறது?" என்றாள் அக்கா. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகவில்லை, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, சின்னவளின் பல் விழுந்துவிட்டதா என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

போனை வைத்த பிறகு டீச்சர் அடுப்படியில் நின்று, கழுவிய பாத்திரங்களையே திரும்பவும் கழுவினாள். சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் உட்கார்ந்ததும் நின்றபடியே சொன்னாள்.

"எனக்கு அக்கா இருக்கிற ஊருக்குத்தான் போகணும்."

கணவர் கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "அக்காவை எப்ப வேணா போய்ப் பாக்கலாமேம்மா. இது லீவு. பிள்ளைங்க ஆசையா இருக்குதுங்க."

"எப்ப வேணா, எப்ப வேணான்னுதாங்க இத்தனை வருஷம் போயிருச்சு."

பெரியவள் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுச் சத்தம் டீச்சருக்கு வலித்தது. பிள்ளையின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று இருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை, அது கணவருக்கும் உறைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை அவர் டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போகவில்லை. யாருக்கோ ஃபிரிட்ஜ் பார்க்கப் போன இடத்தில், வேலை முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டார். உங்கள் ஊரில் ஆழம் இல்லாத தண்ணீர் எங்காவது உண்டா என்று கேட்டாராம். மாப்பிள்ளைக்கு எதற்கு ஆழம், தலையில் தெளித்துக்கொள்ளத்தானே என்று அக்கா கேட்டாளாம். இதை அவரே வீட்டில் வந்து சொல்லி, தானே சிரித்தார். துறைமுகத்தைத் தாண்டி பஸ்ஸில் போனால் சின்னதாக ஒரு வளைகுடா இருக்கிறது, தொழிற்சாலை ஆட்கள் குடும்பத்தோடு குளிக்கப் போவார்கள் என்று அக்கா கேள்விப்பட்டிருக்கிறாள். போதாதா என்றார். சின்னவளைக் கப்பலைச் சொல்லி மடக்கியாயிற்று. பெரியவள் மடங்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பெட்டியை அடுக்கினாள்.

ரயிலில் எல்லையைத் தாண்டிப் போனார்கள். ஸ்டேஷனில் நின்றிருந்த அக்காவை டீச்சருக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மனசில் இருந்த அக்கா உயரமானவள். இங்கே நின்றவள் தோளளவுக்குத்தான் இருந்தாள். முடி வெளுத்திருந்தது. கட்டிக்கொண்டபோது முதுகில் பட்ட உள்ளங்கை மரப்பட்டைபோல் சொரசொரத்தது. இரண்டு பேரும் அழவில்லை. சாப்பிட்டீங்களா என்று அக்கா கேட்டாள், சாப்பிட்டோம் என்று தங்கை பொய் சொன்னாள்.

மறுநாள் காலை வளைகுடாவுக்குப் போனார்கள். படத்தில் போடுகிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. மணலுக்குப் பதில் கூழாங்கல். சாம்பல் நிறத்தில் தண்ணீர், தொட்டால் விரலைக் கடிக்கிற குளிர். தூரத்தில் கிரேன்கள் தெரிந்தன. பெரியவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். டீச்சர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. இத்தனை காலம் காதால் மட்டும் கேட்டது இப்போது கண் கொள்ளாமல் கிடந்தது. உடை மாற்றிக்கொண்டு நேரே இறங்கிவிட்டாள்.

குளிரில் மூச்சு ஒருமுறை நின்று வந்தது. பிறகு கை தானாகவே வீசத் தொடங்கியது. உப்பு நீர் அவளைத் தூக்கிக் கொடுத்தது. போனாள், போனாள், போய்க்கொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் அவள் உடம்பு, பழக்கத்தில், திரும்புவதற்குச் சுவரைத் தேடியது. கையை நீட்டினாள். சுவர் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீருக்கு அந்தப் பக்கமும் தண்ணீராகவே இருந்தது. வருஷக்கணக்காகப் பிறருக்கு அவள் போக்கிவிட்ட பயம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்படியே மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து, மூச்சு அடங்கும்வரை கிடந்தாள். பிறகு திரும்பினாள். கரையில் நாலு பேரும் எறும்பு மாதிரி தெரிந்தார்கள்.

கணவரும் அக்காவும் கணுக்கால் தண்ணீரில் நின்று, யாருக்குப் பயம் அதிகம் என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். டீச்சர் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம்டி, துணி நனைஞ்சிடும் என்றாள் அக்கா. நனையட்டும் என்று இடுப்பளவு தண்ணீருக்குக் கூட்டிப் போய், முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துப் படுக்க வைத்தாள். அக்கா கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தாள்.

"விட்டுராதடி."

"விடல."

"உன் வித்தையெல்லாம் எனக்குத் தெரியும். பேச்சுக் குடுத்துட்டே எடுத்துருவ."

"உனக்கு எடுக்க மாட்டேன்க்கா."

சொன்னபடியே எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் கழுத்து தளர்ந்தது, கண்கள் மூடின. தன் கையின் மேல் கிடக்கிற அந்த எடை இவ்வளவுதானா என்று டீச்சருக்கு இருந்தது. கை மரத்துப்போகும்வரை அப்படியே நின்றாள். கரையில் பெரியவள் தன் போனைக் கீழே வைத்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாட்களில் அவள் கோபம் கொஞ்சம் இறங்கியது. பெரியம்மா வேலை முடிந்து வரும் நேரத்துக்குத் தொழிற்சாலை வாசலுக்கு அவளே போய் நிற்கத் தொடங்கினாள்.

கடைசி நாள் சாயங்காலம் அக்காவும் தங்கையும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் தெருமுனைக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஒருவழியாகக் கேட்டுவிட்டாள், எங்களோடு வந்துவிடேன் என்று. அக்கா சிரித்தாள்.

"வந்து? நீ காலையில குளத்துக்குப் போயிருவ. நான் வீட்டுல உக்காந்து ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடவா?"

அக்கா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை அதிகம் வீசாமல் நடந்துகொண்டிருந்தாள்.

"உன் பெரிய பொண்ணு நடக்கிறது அப்படியே நம்ம அம்மா," என்றாள் அக்கா.

டீச்சர் திரும்பித் தெருவைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற மகள்தான், தினமும் பார்க்கிற நடைதான். மகள் கடைக்குள் நுழைந்து மறைந்துவிட்டாள். திரும்பி வருவதற்காக டீச்சர் காத்திருந்தாள். அம்மா வேறு எப்படியெல்லாம் இருந்தாள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டால் ஒரு சாயங்காலம் போதாது. அதனால் கேட்கவில்லை.

மறுநாள் அக்காவுக்குக் காலை ஷிஃப்ட். வாசலிலேயே விடை சொல்லிக்கொண்டார்கள். ரயில் ஊரைத் தாண்டியதும் கொஞ்ச தூரம் கடல் கூடவே வந்தது. பிறகு ஒரு மேடு வந்து மறைத்தது. இன்னும் வருமா என்று சின்னவள் கேட்டாள். இனிமேல் வராது, எல்லாம் வயல்தான் என்றார் அப்பா. கடல் இருந்த பக்கத்து ஜன்னலில்தான் வெயில் சுள்ளென்று அடித்தது. இந்தப் பக்கம் வந்து உட்காரேன் என்று கணவர் கூப்பிட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, எல்லை வரும்வரை டீச்சர் அந்த ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தாள்.