காகத்தைப் பிடித்து இழுத்தால்...

போன மாதம் புது வகுப்பு தொடங்கிய அன்று, விரிவுரை மண்டபத்துக்குப் போகிற வழியில் ஒரு அம்மா என்னை மறித்துக்கொண்டார்.

"மிஸ்... நீங்கதானே கரண்டுப் பாடம் நடத்துறது?"

ஆமாம், நானேதான். பதுளையில், பல்கலைக்கழகத்தில், முதலாம் வருடப் பொறியியல் பிள்ளைகளுக்குச் 'சுற்றுப் பகுப்பாய்வு' என்றொரு பாடம் எடுக்கிறேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் பஸ், மழை, மரக்கறி விலை என்று எதையெதையோ எழுதுகிறேனே தவிர, எனக்குச் சோறு போடும் பாடத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. யார் வாசிப்பார்கள் என்ற பயம்தான்!

ஆனால் இந்த வாரம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மாவின் பெயர் புஷ்பராணி என்று வைத்துக்கொள்வோம். கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். அன்றைக்கு வேலைக்குப் போகாமல், விடியவே பஸ் ஏறி, பண்டாரவளையில் மாறி வந்திருந்தார். பக்கத்தில் தலையைக் குனிந்தபடி அவருடைய மகள் நிரோஷா — என் புது மாணவி.

"புள்ளைய வேற படிப்புக்கு மாத்திக் குடுங்க மிஸ். எந்தப் படிப்புன்னாலும் பரவாயில்ல. கரண்டு மட்டும் வேணாம்."

"ஏன்க்கா?"

"இவ அப்பா கரண்டுலதான் போனாரு."

காட்டுப் பன்றி மரக்கறித் தோட்டத்தைக் கிளறிவிடுகிறது என்று, சிலர் வீட்டு மின்சாரத்தையே கம்பியில் கொடுத்து வேலியைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். சட்டப்படி குற்றம். இருந்தாலும் கட்டுகிறார்கள். நிரோஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மழை விட்ட ஒரு சாயங்காலம் வீட்டாரோடு விறகுக்குப் போன அவளுடைய அப்பா, அப்படியொரு கம்பியில் மாட்டிக்கொண்டார்.

நான் மகளைப் பார்த்தேன். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் இதத்தான் படிப்பேன் மிஸ்." குரல் சின்னதுதான். ஆனால் அசையவில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பாடநெறியை மாற்றுவதும் என் கையில் இல்லை. "அக்கா, உள்ள வந்து பின் வரிசையில உக்காருங்க. என்ன படிக்கிறாங்கன்னு நீங்களே பாருங்க. அப்புறமாப் பேசுவோம்" என்றேன். உண்மையைச் சொன்னால், பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன்.

முதல் நாளில் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. சிங்களத்தில் படித்த பிள்ளைகள், தமிழில் படித்த பிள்ளைகள் எல்லோரும் திடீரென்று ஆங்கிலத்துக்குள் வந்து விழுகிறார்கள். மின்சாரத்தைவிட ஆங்கிலம்தான் அவர்களை அதிகம் உலுக்கும். அதனால் அந்த ஒரு வகுப்பு மட்டும் மூன்று மொழியிலும் கலந்து நடக்கும்.

இந்தப் பாடம் எதைப் பற்றியது? ஒரே கேள்வியைப் பற்றியது — மின்னோட்டம் எந்த வழியாகப் போகிறது?

பலகையில் ஒரு பற்றரி, ஒரு பல்பு, சுற்றி வரும் கம்பி. வழி முழுசாக இருந்தால் ஓடும். எங்காவது ஓரிடத்தில் அறுந்தால் நின்றுவிடும். கம்பிகள் சந்திக்கிற இடத்துக்கு எவ்வளவு வருகிறதோ, அவ்வளவும் அங்கிருந்து வெளியே போயாக வேண்டும். அப்புறம் வருகிற சமன்பாடுகள் எல்லாம் இதைப் போன்ற சில எளிய விஷயங்களின் மேல்தான் நிற்கின்றன. இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் 'இவ்வளவுதானா?' என்றொரு நிம்மதி வரும். மூன்றாம் வாரம் அந்த நிம்மதி காணாமல் போய்விடும்... அது வேறு கதை.

பிறகு, நான் எல்லா வருடமும் கேட்கும் கேள்வி. "கரண்டுக் கம்பியில காகம் உக்கார்ந்திருக்கு. ஏன் சாகல?"

"காலில் றப்பர் இருக்கும் மெடம்" என்று ஒருவன் சிங்களத்தில் சொல்ல, மண்டபம் சிரித்தது. நான் விளக்கினேன். இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. காகத்துக்குள் புகுந்து வேறெங்காவது போவதற்கு மின்சாரத்துக்கு வழி இல்லை. ஆகவே காகம் பிழைத்தது.

"மிஸ்..."

பின் வரிசை. புஷ்பராணி எழுந்து நின்றுகொண்டிருந்தார். அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப... தரையில நிக்கிற ஒரு ஆளு அந்தக் காக்காவப் புடிச்சு இழுத்தா?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி! எனக்கு ஒரே சந்தோஷம். "அருமையான கேள்விக்கா. இப்ப வழி கெடச்சிருச்சு. கம்பியில இருந்து காகம், காகத்துல இருந்து ஆளு, ஆளுல இருந்து தரை. காகமும் போகும். புடிச்ச ஆளும் போவாரு" என்று உற்சாகமாகச் சொல்லி, அதையே சிங்களத்திலும் சொன்னேன்.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். வகுப்பு முடியும்வரை, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் காகத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது, வகுப்பு முடிந்து வெளியே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"நான் இழுக்கப் போனேன் மிஸ்," என்றார். "அவரு கம்பியோட துடிச்சுக்கிட்டு இருந்தாரு. ஒரு எட்டு வச்சிருந்தா தொட்டிருப்பேன். எங் கொழுந்தன் விடல. பின்னால வந்து இடுப்பச் சேத்துப் புடிச்சுக்கிட்டான். 'கரண்ட நிப்பாட்டுங்க, கரண்ட நிப்பாட்டுங்க'ன்னு கத்துறான்... ஆனா என்னய விடல. ஒங் கூடப்பொறந்த அண்ணனச் சாக விட்டுட்டியேடான்னு அன்னைக்குக் கேட்டேன். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் அவங்கூட ஒரு வார்த்த இல்ல."

அந்தக் கொழுந்தன் வேறெங்கோ இருப்பவர் இல்லை. ஒரே லயம், அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர். தண்ணீர் பிடிப்பதும் ஒரே பீலியில். இத்தனை வருடமும் அப்படியே ஓடியிருக்கிறது.

"அப்ப நான் தொட்டிருந்தா..." என்று என்னைப் பார்த்தார்.

நிரோஷாதான் சொன்னாள்.

"நீயும் போயிருப்பம்மா. ஒன்னயப் புடிச்சிருந்த சித்தப்பாவும் போயிருப்பாரு."

அம்மாவின் கையைத் தொட்டாள்.

"அன்னைக்கு நீ என் கையையும் புடிச்சுக்கிட்டு இருந்த."

புஷ்பராணி மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஸ்கூல்ல, ஏ.எல்.ல பௌதிகவியல் படிக்கையில."

"ஏன்டி சொல்லல?"

"அப்பா பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவியே..."

அதற்குப் பிறகு அவர் அழுதார். சத்தமில்லாமல், நின்ற இடத்திலேயே. நிரோஷா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நாம் என்ன சொல்கிறோம்? 'கரண்டு அடிச்சிருச்சு', 'கரண்டு புடிச்சு இழுத்துக்கிச்சு' — ஏதோ கோபக்கார மிருகத்தைப் பற்றிச் சொல்வது போல. மின்சாரத்துக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. வழி இருந்தால் போகும். அவ்வளவுதான். படிப்பு பயத்தைப் போக்கும் என்று மேடையில் நானும் பேசியிருக்கிறேன். 'நான் காப்பாற்றியிருக்கலாமே' என்று ஒரு மனுசி வருடக்கணக்கில் சுமந்த பாரத்தையும் அது இறக்கி வைக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பாடநெறி மாற்றும் பேச்சு பிறகு வரவே இல்லை. கிளம்பும்போது, "ஈரக் கையோட சுவிட்சப் போடாதன்னு சொல்லி வைங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேரிடமும் கேட்டு, பெயர்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் நிரோஷாவிடம், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தேன்.

"சித்தப்பா வீட்டுக்குப் போனாங்களாம் மிஸ்."

"அப்படியா! என்ன பேசுனாங்க?"

"ஒண்ணும் பேசலயாம். பலாக்கா ஆக்கி, ஒரு சட்டியில கொண்டுபோய்க் குடுத்திருக்காங்க. சித்தப்பா வாங்கிக்கிட்டாராம். சட்டியக் கழுவி, சித்திகிட்டக் குடுக்காம, அவரே கொண்டுவந்து குடுத்தாராம். 'அண்ணி, உப்பு கொஞ்சம் கம்மி'ன்னாராம்."

எவ்வளவு நல்ல முதல் வார்த்தை!

எல்லாம் சரி, நிரோஷா பாடத்தில் எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? முதல் சோதனையில் ஃபெயில். அடுத்ததில் அவள் பாஸ் பண்ணியாக வேண்டும்... இல்லையென்றால் புஷ்பராணி அக்கா மறுபடியும் பஸ் ஏறிவிடுவார், இந்தத் தடவை என்னைக் கேள்வி கேட்க!