தொட்டிக்குள் விழுந்த ஸ்கைலாப்

பிலோமிக்குக் கருத்து இல்லாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருந்தால், அந்தச் செய்தி இன்னும் ராயபுரத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டி ஆலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தது எழுபத்தாறில். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த புதுசு. சேர்ந்த முதல் நாளே ஃபோர்மேன் என்னிடம், "மத்தியானம் பேக்கிங் ஷெட்டு பக்கம் போ. பிலோமியம்மா பேசும், கேளு" என்றார். போனேன். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் டிபன் பாக்ஸ், கையில் முந்தின நாள் தினசரி. சுற்றிலும் முப்பது நாற்பது பெண்கள்.

பிரஷர் குக்கரைப் பற்றி அன்றைக்குப் பேச்சு. "கொதிக்கிற சோத்த பூட்டி வெச்சா அது கத்தாம இன்னா பண்ணும்? கத்தறத கேட்டு கத்தறத கேட்டு நமக்கு பசியே பூடும்." நைலக்ஸ் புடவைக்கு மட்டும் முழு ஆதரவு. "தோச்சி ஒதறுனா காஞ்சிடுது. அத்த கண்டுபுடிச்சவன் கைய புடிச்சி முத்தம் குடுக்கணும்." டி.வி. அவளுக்குப் பிடிக்கவில்லை. "அதுல பேசறவனுக்கு நம்ம பேச்சு கேக்காது. பதில் சொல்ல முடியாதவன் கூட இன்னா பேச்சு?"

வீடு ராயபுரத்தில். புருஷன் கஸ்பார் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுபவர். அதிகம் பேசாதவர். அவர் பங்கையும் சேர்த்துத்தான் இவள் பேசுகிறாள் என்று ஷெட்டில் சொல்வார்கள்.

அறுபத்தொன்பதில் மனுஷன் சந்திரனில் நிற்கவே முடியாது என்று ஒரு மாதம் வாதாடினாளாம். நின்ற மறுநாள் அதே மரப்பெட்டி மேல் ஏறி, "நான் சொன்னது தப்பு. இன்னும் யாரெல்லாம் தப்புன்னு சொல்லல, கைய தூக்குங்க!" என்று கேட்டாளாம். தப்பை ஒப்புக்கொள்வதில்கூட அவளுக்கு முந்திக்கொள்ள வேண்டும்.

எழுபத்தொன்பது ஜூலை வந்தது. அமெரிக்காக்காரன் வானத்தில் மிதக்கவிட்ட ஸ்கைலாப், எழுபது டன்னுக்கு மேல் எடையுள்ள ஆய்வுக்கூடம், கட்டுப்பாடு இழந்து கீழே வருகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது என்று பேப்பர்கள் எழுதின. டில்லியில் ஆட்சி ஆடிக்கொண்டிருந்தது. அதைக்கூட யாரும் படிக்கவில்லை. எங்கே பார்த்தாலும் எல்லாரும் அண்ணாந்துதான் நின்றார்கள்.

எங்கள் ஆலையில் பயம் தனி ரகம். பெட்டி ஒட்டும் பிரிவிலிருந்த மலர்க்கொடி, புளியந்தோப்புக்காரி, முதலில் வாயைத் திறந்தாள். "வேற எங்க வுழுந்தாலும் ஒரு தெருதான் போகும். இங்க வுழுந்தா? உள்ள கீற மருந்து அத்தினியும் பத்திக்கினு திருவொத்தியூரே பொட்டுனு பூடும்." சொன்னவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அரக்கோணத்தில் அம்மா வீட்டுக்குப் போவதாக லீவு எழுதிக் கொடுத்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. செவ்வாய்க்கிழமை காலைக்குள் என் மேஜையில் இருபத்தேழு லீவுச் சீட்டு. மேனேஜர் ஒன்றுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சொல்லாமல் நின்றால் வேலை போகும் என்றார்.

நான் பிலோமியிடம் ஓடினேன். "அக்கா, நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ. இல்லாட்டா இருபத்தேழு பேரு வேல போயிரும்."

அவள் கண் அகல விரிந்தது. பயத்தில் அல்ல. பண்டிகை வந்த மாதிரி. "வார்த்தையெல்லாம் வேணாம் துரை. காட்டணும். மருந்து முக்காத வெள்ளக் குச்சி ஒரு தொட்டி வாங்கிக் குடு. அப்புறம் உன் செவப்பு இங்க்கு."

பகல் சங்கு ஊதியதும் ஷெட் நடுவில் தொட்டி. இடுப்பு உயரம், விளிம்பு வரை குச்சி. பிலோமி ஒரே ஒரு குச்சியை இங்க்கில் நனைத்து எல்லாருக்கும் காட்டினாள். பிறகு தொட்டியில் போட்டு, முழங்கை வரை கை விட்டுக் கலக்கினாள்.

"இந்த தொட்டிதான் உலகம். செவப்பு குச்சிதான் நம்ம ஊரு. மீதியெல்லாம் கடலு, காடு, மத்தவன் ஊரு. மலரு, நீதான் ஸ்கைலாப். கண்ண மூடிக்கினு ஒண்ணே ஒண்ண எடு. செவப்பு வருதா பாப்போம். ஆயுசுக்கும் வராது!"

மலர்க்கொடி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். கையை விட்டாள். எடுத்தாள்.

சிவப்பு.

யாரோ "யேசுவே!" என்று அலறினார்கள். மலர்க்கொடி குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு கையையும் புடவையில் துடைத்தாள். நான் பிலோமியைப் பார்த்தேன். வாய் திறந்தபடி நிற்கிறாள், ஆனால் பேச்சு வரவில்லை. அப்படி ஒரு காட்சியை அந்த ஷெட் பார்த்ததே இல்லை.

கூட்டம் கதவை நோக்கி அசையத் தொடங்கியது. அப்போதுதான் சிலுவையம்மாள் குரல் கொடுத்தாள். எங்கள் ஆலையில் எல்லாரையும்விட மூத்தவள் அவள்.

"நில்லுங்கடி! இன்னாத்துக்கு ஓடறீங்க? நம்ம ஊரு மேல வுழ வேண்டியது குச்சியா வந்து வுழுந்து பூடுச்சி! திருஷ்டி கழிஞ்ச மாதிரி கழிஞ்சிச்சி. இனிமே அது இந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்காது!"

எல்லாரும் நின்றார்கள். முகங்கள் ஒவ்வொன்றாய் மலர்ந்தன. ஒருத்தி கைதட்டினாள். இன்னொருத்தி மலர்க்கொடியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"அப்டி இல்லடி!" பிலோமிக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. "குச்சிக்கும் அதுக்கும் இன்னா சம்மந்தம்?"

"நீதான சொன்ன, தொட்டிதான் உலகம்னு?" என்றாள் சிலுவையம்மாள்.

அடுத்த அரை மணியில் இருபத்தேழு பேரும் வரிசையாய் வந்து லீவுச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நான் மகிழ்ச்சியில் பிலோமிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்கவே இல்லை.

"எல்லாம் தகிரியமா கீறாங்க துரை. ஆனா தப்பான காரணத்துக்கு தகிரியமா கீறாங்க. அதான் பேஜாரா கீது."

"வேல தப்பிச்சிட்டுல்லா?"

"அது சரி. ஆனா நாளைக்கு வேற எவனாவது தொட்டியோட வந்து வேற ஒண்ண சொல்லுவானே?"

புதன் இரவு அது விழுந்தது. பாதி கடலில், மீதி ஆஸ்திரேலியாவில். வியாழன் காலை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்த பெண்கள் கேட்டிலேயே மலர்க்கொடிக்குக் கதம்பம் சூட்டினார்கள். திருவொற்றியூரைக் காப்பாற்றியவள்! யாரோ சாக்லேட் கொடுத்தார்கள். செக்யூரிட்டிகூட எழுந்து நின்று சல்யூட் அடித்தார். பிலோமியும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே சொன்னாள்: "இன்னிக்கு மத்தியானம் மறுபடியும் எடுக்கறோம். தெனிக்கும் எடுக்கறோம்."

எடுத்தார்கள். புதிதாய் ஒரு குச்சியைச் சிவப்பாக்கிப் போட்டு, ஆளுக்கு ஐந்து தடவை, எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு. இந்த முறை கலக்குவதற்குத் தொட்டியையே சாய்த்து, தரையில் கொட்டி, துடைப்பத்தால் கூட்டி, மறுபடி அள்ளிப் போட்டார்கள். நான் நோட்டில் கோடு போட்டேன். முதல் வாரம் சிரிப்பும் கூத்துமாய்ப் போனது. இரண்டாம் வாரம் கொஞ்சம் அமைதியானார்கள். மூன்றாம் வாரம் ஒருத்தியும் சோற்றைக்கூட ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. தொட்டியைச் சுற்றியே நின்றார்கள். மூவாயிரம் கோடுகளைத் தாண்டியும் சிவப்பு வரவில்லை.

"அப்போ அன்னிக்கி மட்டும் எப்டிக்கா வந்துச்சி?" என்று மலர்க்கொடி ஒரு நாள் கேட்டாள்.

பிலோமி மரப்பெட்டி மேல் ஏறி நின்றாள். "கடசீல போட்டேன். முழங்கை வரிக்கும்தான் கலக்கினேன். குச்சி மேலயே கெடந்துச்சி. நீ மேலயே துழாவி எடுத்த. தப்பு என்னுது. எல்லாரும் கேட்டுக்கங்க, தப்பு என்னுது!"

மலர்க்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். ஊரைக் காப்பாற்றிய பெருமை கையை விட்டுப் போகிறதே என்று கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது. "ஒரு மாசம் என்ன சாமி மாதிரி சுத்த வுட்டுட்டு இப்ப சொல்றியா?" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, நான் வாரா வாரம் லாட்டரி சீட்டு வாங்கறேனே. அதுக்கு இந்த மாதிரி எத்தினி தொட்டி?"

பிலோமி மரப்பெட்டியிலிருந்து குதித்தே விட்டாள். "கேட்டாடி ஒரு கேள்வி!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "துரை, நோட்ட எடு! ஒரு தொட்டில எத்தினி குச்சி, மொதல்ல அத்த எண்ணு!"

சங்கு ஊதிவிட்டது. யாரும் நகரவில்லை. நாற்பது பெண்களும் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு குவியலாய்ப் பிரித்துக்கொண்டு, நூறு நூறாய் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். ஃபோர்மேன் திட்டுவதற்காக வேகமாய் உள்ளே வந்தார். என்ன ஏது என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவரும் ஒரு குவியலை முன்னால் இழுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.