ரெட்டை ஷாக்கும் ஒத்தை ஷாக்கும்

மாமா புது வண்டியோடு வந்து நின்ற அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் தம்பி அவர். கள்ளக்குறிச்சியில் ஒரு டூவீலர் பட்டறையில் வேலை. வெள்ளிமலை பஸ் போகும் தார் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் பாதை கல்லும் வேருமாகக் கிடக்கும், நடுவில் ஓர் ஓடையும் உண்டு. ஜீப்காரர்கள் ரோட்டோடு நின்றுவிடுவார்கள். அந்தப் பாதையில் மாமா ஓரிடத்திலும் கால் ஊன்றாமல் ஏறி வந்துவிட்டார். சேற்றுக்கும் மேட்டுக்குமென்றே செய்த, உயரமான சின்ன வண்டி. புதிது என்றால் மாமாவுக்குப் புதிது. அவருக்கு முன்னால் இரண்டு பேர் அதை ஓட்டித் தீர்த்திருந்தார்கள்.

அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

“இன்னா மச்சான், ஒத்த ஷாக்குதான் கீது? இன்னொண்ண வித்துட்டியா?”

அப்பாவின் வண்டியில் பின்சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என, குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த ஷாக் இரண்டு இருக்கும். சாமை மூட்டையும் மரவள்ளிக் கிழங்கும் சுமந்து பழகிய வண்டி. மாமா சும்மா இருப்பாரா? தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சக்கரத்தைப் பிடித்தபடி மேலும் கீழும் ஆடும் இரும்புக் கையைத் தட்டிக் காட்டினார்.

“இதுக்குப் பேரு ஸ்விங் ஆர்ம், மாமா. உங்களுது ஒல்லிக் குழாய், நீளமும் கம்மி. இது பெட்டி மாதிரி அகலம், நீளமும் ஜாஸ்தி. கை நீளமா இருந்தா சக்கரம் மெதுவா ஏறி மெதுவா எறங்கும். கைக்கும் ஷாக்குக்கும் நடுவுல ஒரு முக்கோணம் கீது பாருங்க, சின்னக் கல்லுன்னா லேசா வுட்டுக்குடுக்கும், பெரிய கல்லுன்னா இறுக்கிப் புடிச்சிக்கும்.”

“ரெண்டு கால்ல நிக்கறவன் வுழுவானா, ஒத்தக் கால்ல நிக்கறவன் வுழுவானா?” என்றார் அப்பா.

வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் அம்மா, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அம்மா அப்போது நிறைமாதம்.

“ஓடை வரைக்கும் போய் வாங்க. யாரு வண்டியில தண்ணி கம்மியா சிந்துதுன்னு பாப்போம்.”

என்னைவிட அதிர்ஷ்டக்காரி இந்த மலையிலேயே கிடையாது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தியை நம்பி இரண்டு பெரியவர்கள் பந்தயம் கட்டுகிறார்கள்! முதலில் அப்பா. அவர் முதுகோடு என்னைத் துண்டால் கட்டினார்கள். சொம்பை நடுவில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். போய் வந்தபோது சொம்பில் முக்கால் இருந்தது. பிறகு மாமா. அந்த வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் என்னைப் பந்துபோல் தூக்கிப் போட்டது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை; கத்திக்கொண்டே வந்தேன். பாதித் தண்ணீர் என் பாவாடையில்.

“அப்பா ஜெயிச்சிடுச்சி!” என்று ஊருக்கே கேட்கக் கூவினேன்.

“பாப்பா எடையே இல்ல, மாமா,” என்று மாமா துடித்தார். “இந்த ஸ்பிரிங்கு அதை மனுசனாவே மதிக்கல. வெயிட்டு ஏறுனா அது பாட்டுக்கு அமுங்கும்.”

“அப்ப வெயிட்ட ஏத்திப் பாருங்க,” என்றாள் அம்மா.

அப்பா உள்ளே போய்ச் சாமை மூட்டையைத் தூக்கிவந்தார். தூக்கிப் பார்த்து, கொஞ்சம் அள்ளி வெளியே போட்டார். அம்மாவை ஒருதரம் பார்த்தார். திரும்பவும் கொஞ்சம் உள்ளே போட்டார். என் இடத்தில் மூட்டை உட்கார்ந்தது. அதன் மேலே குழிபண்ணிச் சொம்பைப் பதித்துக் கயிற்றால் கட்டினார்கள். ஒரு மூட்டைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் பின்னாலேயே ஓடினேன்.

ஓடைக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு பாறைப் படி. அதில் அப்பாவின் வண்டி இறங்கியபோது ‘டங்’கென்று இரும்போடு இரும்பு மோதியது. இரண்டு ஷாக்கும் அடிவரை அமுங்கிவிட்டன. ஒல்லிக் கை முறுக்கிக்கொண்டதில் சக்கரம் ஒருபக்கமாக உதறியது. சொம்பு ஏறக்குறைய காலி. மூட்டையையும் திரும்ப நிறைத்த சொம்பையும் ஏற்றிக்கொண்ட மாமாவின் வண்டியோ அதே படியில் பூனைபோல் இறங்கிற்று. பின்சக்கரம் மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. மூட்டை அசைந்ததாகவே தெரியவில்லை. ஒரு கை தண்ணீர்கூடச் சிந்தவில்லை.

மாமா குதிப்பார், ஆடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கே போயிடலாம் மச்சான். மழ எறங்கறதுக்குள்ள,” என்றார் அப்பா. “நீயே ஓட்டு.”

எனக்குப் பின்னால் ஒரு பிள்ளை பிறக்க இருந்ததும், மழைநாளில் அம்மாவை டோலி கட்டித் தூக்கிப்போனபோது இதே ஓடையோரம் அது தங்காமல் போனதும், வெகுகாலம் கழித்து அப்பாவின் அக்கா, என் அத்தை, சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த முறை நீ நடந்து வரவே கூடாது, தேதிக்கு முன்னாலேயே கீழே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்று நர்சம்மா சொல்லியிருந்தாராம்.

மறுநாள் காலை அம்மா தலையணை போட்டு அந்த வண்டியில் உட்கார்ந்தாள். மாமா மாட்டு வண்டியைவிட மெதுவாக ஓட்டினார். அப்பா பக்கத்திலேயே, அம்மாவின் முதுகில் ஒரு கையை வைத்தபடி, கல் எது முள் எது என்று பார்க்காமல் நடந்தார். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். அப்பாவின் வண்டி தோற்றதால்தான் அவரை நடக்கவிட்டுவிட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

தார் ரோட்டில் ஜீப் காத்திருந்தது. அம்மா இறங்கி, ஒரு வலியும் இல்லை என்று தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அப்பா சட்டென்று ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் ஓடிப்போய்த் துண்டை இழுத்தேன்.

“தோத்துட்டன்னு அழுவுறியாப்பா?”

அப்பா என்னைப் பார்த்தார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு.

“ஆமாங்கண்ணு. தோத்துட்டேன்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாமாவுக்குக் கேட்காதபடி காதோடு சொன்னேன்:

“அழுவாதப்பா. அடுத்த வாட்டி நாம ஜெயிச்சிடலாம்.”