குண்டிக்காய் டாக்டர் வீரணன்

கூடலூருக்குக் கிழக்கே, முல்லையாறு பாயும் எங்கள் ஊரில் முதலில் டாக்டரானவர் வீரணன். மதராசில் படித்து, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை வைத்தியராக இருந்தார். மூத்திரத்தில் ரத்தம் போகிறவர்கள் மீதுதான் அவருக்கு நாட்டம். கட்டி விழுந்த சிறுநீரகத்தை, எங்கள் ஊர்ப் பேச்சில் குண்டிக்காயை, அறுத்தெடுத்து, நிறுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் போட்டு வைப்பார். சீவல் சீவலாக நறுக்கிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். ஊரில் கறி வெட்டும் மொக்கைச்சாமிக்கு இது பொறுக்கவில்லை.

"நானுந்தான் தெனம் நாலு குண்டிக்காய் அறுக்குறேன். எனக்கு ஒருத்தரும் நாற்காலி போட மாட்டேங்கிறாக" என்பார்.

ஜாடிகள் முப்பதைத் தாண்டியபோது வீரணன் ஒன்றைக் கவனித்தார். பெண்களின் கட்டி ஆண்களின் கட்டியைப் போல இரண்டு மடங்கு இருந்தது. வெள்ளைக்கார டாக்டர்களுக்குக் காரணம் புரியவில்லை. வீரணனுக்குப் புரிந்தது. ரத்தம் கண்ட பெண் ஊருக்கு வெளியே முட்டுவீட்டில் போய் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த நோயில் ரத்தம் வலியில்லாமல் வரும், நாலு நாளில் தானே நிற்கும், பிறகு மறுபடி வரும். பெண்கள் அதை மாதத் தீட்டென்றே எடுத்துக்கொண்டார்கள். தீட்டு நின்று வருஷங்களான பெண்ணையும், மறுபடி தொடங்கிவிட்டது என்று சொல்லி முட்டுவீட்டுக்கு அனுப்பினார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை. உள்ளே கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது. இதை முதன்முதலில் எழுதி வைத்தவர் எங்கள் ஊர்க்காரர்.

1938 சித்திரையில் திருவிழாவுக்கு வந்தார். அந்த வருஷம் அவருக்குப் பரிவட்டம் கட்டுவதென்று ஊர் முடிவு செய்திருந்தது. அவர் குடும்பத்தில் யாருக்கும் அதுவரை அந்த மரியாதை கிடைத்ததில்லை. காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டியவன் முட்டுவீட்டை அண்டினால் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது.

அவருடைய அக்கா பொன்னாத்தாளுக்கு ஐம்பத்தொரு வயது. வீட்டில் காணோம். அவள் புருஷன், மாமன் சுருளியாண்டியிடம் கேட்டதற்கு, "வெளியில இருக்கா" என்றார். வீரணன் மேற்கொண்டு கேட்கவில்லை.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போகிற வழியில் முட்டுவீட்டு வாசலிலிருந்து பொன்னாத்தாள் கூப்பிட்டாள்.

"ஏலே வீரணா, இங்கன கொஞ்சம் வாடா."

அவர் இருபது கெஜம் தள்ளி நின்றார். "என்னக்கா?"

"எட்டு மாசமா வருது, நிக்கிது. வலியில்ல. இப்ப விலாவுக்குக் கீழ கல்லு கணக்கா என்னமோ தட்டுப்படுது. கை வச்சுப் பாரேன்."

நோயாளிகளிடம் இந்தப் பதிலை வாங்க அவர் மணிக்கணக்கில் கேள்வி கேட்பது உண்டு. கேட்காமலே வந்தது.

"நாளைக்குப் பரிவட்டம்க்கா. திருவிழா முடியட்டும், வந்து பாக்குறேன்."

"சரிடா. தலையில துணியச் சுத்துனதும் அக்காவ மறந்துராத" என்று சிரித்தாள்.

பரிவட்டம் கட்டினார்கள். மறுநாள் மதராசிலிருந்து தந்தி வந்தது, டாக்டர்கள் கூட்டத்தில் கட்டுரை வாசிக்க உடனே புறப்படச் சொல்லி. அக்காவை மதுரைக்குக் கூட்டி வரும்படி மாமனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். மதராசில் பெண்கள் ஏன் பிந்தி வருகிறார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். கை தட்டினார்கள்.

சுருளியாண்டி அறுப்பு முடியட்டும் என்றார், பிறகு நடவு முடியட்டும் என்றார். கார்த்திகையில் பொன்னாத்தாளைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். வீரணனே அறுத்தார். கட்டி பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தது. எடுத்து நிறுத்ததில் இரண்டரை ராத்தல். அவர் ஜாடிகளில் அதைவிடப் பெரியது இல்லை.

இரண்டாம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்தது.

"சித்திரையிலயே நீ பாத்திருந்தா நான் பிழைச்சிருப்பனாடா?"

ரத்தம் கண்ட ஒரு வருஷத்துக்குள் வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு நடமாடுகிறார்கள் என்று மதராசில் சொன்னவர் அவர்தான்.

"இல்லக்கா. அப்பவும் இப்படித்தான் ஆயிருக்கும்."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் விடியும்முன் இறந்தாள். பிணம் ஊர் எல்லைக்கு வந்ததும் பெரியவர்கள் வண்டியை மறித்தார்கள். தீட்டோடு செத்த உடம்பு, தெரு வழியாகப் போகக் கூடாது, வயக்காட்டைச் சுற்றித்தான் தூக்க வேண்டும் என்றார்கள். சுருளியாண்டி மச்சானின் முகத்தைப் பார்த்தார். அது தீட்டு இல்லை என்று அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார்.