பத்திரம் பதியும்வரை சித்தி

முடிச்சூர் ரோட்டில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு விலை பேசி முடிக்க ஒரு சாயங்காலம்தான் ஆனது. பத்திரம் பதிய ஆறு மாதம் ஆனது. அதில் பெரும்பகுதி நான் ஒரு பெண்ணுக்குச் சித்தியாக இருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. நானும் என் கணவரும் இரும்புலியூரில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அவர் பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினார். எதிரில் வருகிறவர் தெரியாமல் இவர் காலை மிதித்தால்கூட இவர்தான் மன்னிப்புக் கேட்பார். வீட்டை விற்றவர் ரிட்டையர் ஆன ரயில்வே கார்டு. மூன்று அறை, ஒரு கிணறு, வாசலில் முருங்கை மரம். அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்டும் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து கார்டின் மகளுக்குக் குரோம்பேட்டையில் வரன் அமைந்துவிட்டது.

கார்டு எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“சார், பொண்ணு இந்த வீட்லேர்ந்துதான் கல்யாணத்துக்குக் கிளம்பணும்னு என் சம்சாரம் ஆசைப்படறா. கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே ரிஜிஸ்டர் பண்ணிடலாம். இன்னொண்ணு, வீடு கைமாறுற விஷயம் சம்பந்தி வீட்டுக்கு இப்ப தெரியவேண்டாம். சொந்த வீட்டுக்காரர் பொண்ணுன்னு பெருமையா சொல்லிட்டிருக்காங்க.”

என் கணவர் உடனே தலையாட்டினார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. நாங்கள் காலி செய்யப்போகிறோம் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கார அம்மா, நான் குழம்பு தாளிக்கும்போதே யார் யாரையோ அழைத்துவந்து சமையலறையைக் காட்டிக்கொண்டிருந்தார். “இவங்க போயிடுவாங்க” என்று என் முதுகைச் சுட்டிக்காட்டுவார்.

சும்மா இருக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு முடிச்சூர் ரோட்டுக்குப் போய்விடுவேன். அலமாரி எங்கே வைப்பது, கட்டில் எந்தப் பக்கம் போடுவது என்று பார்ப்பேன். கார்டின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். “இன்னும் இது எங்க வீடுதாம்மா” என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

அப்படி ஒரு ஞாயிறு. ஸ்டூல் மேல் ஏறி நின்று ஜன்னலை டேப்பால் அளந்துகொண்டிருந்தேன், திரைத்துணிக்கு. கேட் திறந்தது. பூவும் பழமுமாக மாப்பிள்ளையின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

“யாரு இவங்க?”

கார்டு அவசரமாகப் பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா சேலைத் தலைப்பைப் பிசைந்தார். இனி நான்தான் பேசவேண்டும் என்று தெரிந்துவிட்டது.

“நான் பொண்ணுக்குச் சித்தி. அக்காவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. பந்தலுக்கு அளவு எடுத்துட்டிருக்கேன்.”

“ஜன்னலுக்கா பந்தல்?”

“தோரணம் கட்டணுமில்லீங்களா?”

சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நிச்சயதார்த்தத்துக்கு உங்களைக் காணோமே?”

“வீட்ல அவருக்கு மஞ்சள் காமாலைங்க.”

அன்று இரவு விஷயத்தைச் சொன்னபோது என் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். “யாருக்குக் காமாலை?”

“உங்களுக்குத்தான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அதன்பிறகு சம்பந்தியம்மா என்னை விடவில்லை. முகூர்த்தப் புடவை எடுக்க தி. நகருக்குப் போனபோது, “சித்தி சொல்லட்டும்” என்று கடைக்காரரிடமே சொன்னார். கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாமா என்று அவர் கேட்டபோதுதான் வேடிக்கை. விற்ற வீட்டுக்கு எதற்குச் செலவு என்று கார்டுக்குத் தோன்றியது, முகத்தில் தெரிந்தது. ஆனால் மறுக்க முடியாது. அக்காவுக்கு இளநீலம் பிடிக்கும். எனக்குச் சந்தன நிறம். சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“சந்தனக் கலர்தாங்க மங்களகரம்” என்றேன்.

அடித்தார்கள். பதிவாகாத வீட்டுக்கு என் நிறம் ஏறிவிட்டது. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அவரே, “நீ சொன்ன கலர் நல்லாத்தான் இருக்கு” என்றார். “போறப்போ கண்ணுக்கு நிறைவா இருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு லேசாக உறுத்தியது.

கல்யாணம் தாம்பரத்தில் ஒரு சத்திரத்தில். என் கணவர் சித்தப்பா வேலையில் அசத்தினார். வாசலில் நின்று பன்னீர் தெளித்தார். மாப்பிள்ளை வீட்டார் காபி ஆறிவிட்டது என்று குறைசொன்னபோது, “எங்க வீட்டுப் பொண்ணைக் குடுத்திருக்கோம், காபியை ஒரு குறையா சொல்றீங்களே!” என்று குரலை உயர்த்தினார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஒரே கஷ்டம், பந்தியில் அவர் இலைக்கு வடை வரும்போதெல்லாம் சம்பந்தியம்மா பாய்ந்து வந்து, “காமாலை உடம்பு, எண்ணெய் ஆகாது” என்று தடுத்துவிடுவார்.

தாலி கட்டியாயிற்று. இனி பயமில்லை என்று நான் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பார்த்தால், எங்களுக்கு இந்த வீட்டை முடித்துத் தந்த புரோக்கர், சலவை வேட்டியில். யார் அழைத்தார்களோ தெரியாது. அவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மா.

புரோக்கர் வாயைத் திறந்தபோதெல்லாம் நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “அண்ணனுக்கு ஒரு ஜாங்கிரி” என்றேன். நாலாவது ஜாங்கிரியில் அவர் இலையைக் கையால் மறைத்துவிட்டார்.

“போதும்க்கா” என்றவர் அந்தப் பக்கம் திரும்பினார். “நம்ம கார்டு சார் பார்ட்டிய முடிச்சதே நான்தாம்மா. புரோக்கரு.”

“இது எங்க அண்ணன் கொண்டுவந்த சம்பந்தமாச்சே?” என்றார் சம்பந்தியம்மா.

“யாரு இன்னா சொன்னாலும் நம்பாதீங்க. நாயா அலைஞ்சிகீறேன். ஏழெட்டு பேரு வந்து பாத்துட்டு வாணாம்னு பூட்டானுங்க.”

“ஏழெட்டு பேரா!”

“ஒருத்தன் அட்வான்ஸே குடுத்துட்டு திருப்பி வாங்கிகினு பூட்டான். கொஞ்சம் பழசு, அதான். பின்னால ஒரு விரிசல் கீது, பூசி மறைச்சுட்டாங்க. மத்தபடி வில்லங்கம் ஒண்ணும் கெடையாதும்மா. நானே ஆபீசுல போட்டுப் பாத்துட்டேன்.”

சம்பந்தியம்மாவின் கை சாம்பார் சாதத்தோடு பாதியில் நின்றது. அவர் பார்வை மெல்லத் திரும்பி, மணமேடையில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் மேல் போய் விழுந்தது.

இதற்கு மேல் பொறுத்தால் பெண்ணின் மானம் போய்விடும். “அது வீடுங்க!” என்று கத்திவிட்டேன். “பொண்ணு இல்ல, வீடு!”

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புரோக்கருக்கு ஒன்றும் புரியவில்லை. “ஆமா, வூடுதான். பின்ன இன்னா?” என்று மோரை வாங்கிக் குடித்தார்.

சம்பந்தியம்மா கை கழுவிவிட்டு என்னைக் காய்கறிக் கூடைகள் வைத்திருந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

“வீட்டை யாருக்கு வித்தாங்க?”

“எங்களுக்குத்தாங்க.”

“அப்ப நீங்க சித்தி இல்லை?”

“இல்லீங்க.”

“அவருக்குக் காமாலை?”

“அதுவும் இல்லீங்க.”

வெளியே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சிவந்தது. அடிவாங்கப்போகிறோம் என்றே நினைத்தேன்.

“ஐயோ பாவம், அந்த மனுஷனுக்கு ஒரு வடைகூடப் போட விடலையே நான்” என்றவர், வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என் கையைப் பிடித்தார். “பொண்ணு தங்கம். அது போதும் எனக்கு. ஆனா எங்க ஓரகத்திக்கு மட்டும் இது தெரியக்கூடாது. சம்பந்தி சொந்த வீட்டுக்காரர்னு அவகிட்ட மாசக்கணக்கா அளந்துட்டேன். தலை தீபாவளி உங்க வீட்லதான். அவளும் வருவா. பாத்துக்கோங்க.”

சொன்னபடி மறுவாரம் பத்திரம் பதிவானது. கார்டு ஒவ்வொரு கையெழுத்தையும் நிதானமாகப் போட்டார். பிறகு பேனாவை மூடி என் கணவரிடம் நீட்டினார். அது என் கணவரின் பேனாதான். அவர்கள் பெருங்களத்தூரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள்.

தீபாவளிக்கு முதல் நாளே அக்காவும் கார்டும் வந்து இறங்கினார்கள். அக்கா நேராகச் சமையலறைக்குள் போய் என் டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றிவைத்தார். வீட்டுக்காரி அவர், நான் ஒத்தாசைக்கு வந்து தங்கியிருக்கும் தங்கை என்றுதான் பேச்சு. அக்காவுக்கு அன்று முகத்தில் அப்படி ஒரு களை. “அந்த வாணலியை எடு”, “கிணத்தடியைக் கழுவு” என்று அதட்டினார். நானும் எடுத்தேன், கழுவினேன்.

தீபாவளியன்று சாயங்காலம், வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கிளம்பும்போது அந்த ஓரகத்தி என்னை மட்டும் தனியாக ஓரத்துக்கு அழைத்துப் போனார். நல்ல மனசுக்காரர்.

“தப்பா நினைக்காதீங்க. கூடப் பிறந்தவங்களானாலும் எத்தனை நாள் அக்கா வீட்லயே இருப்பீங்க? எங்க தெருவுல ஒரு போர்ஷன் காலியா இருக்கு. தண்ணி வசதி உண்டு. சொல்லட்டுமா?”

பின்னால் நின்றிருந்த என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

“வாடகை எவ்வளவுங்க?” என்று கேட்டேன்.