போனை எட்ட வைத்த அம்மா

என் சர்க்கரை அளவை அண்ணனுக்கும் காட்டலாமே என்ற எண்ணம், பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மா பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தபோதுதான் வந்தது.

பட்டுச்சேலை, மேலே கையைச் சுருட்டிவிட்ட ஆண்பிள்ளை ஸ்வெட்டர். அவர் மேல்கையில் ஒட்டியிருந்த, சர்க்கரை அளக்கும் அதே சென்சார் என் கையிலும் இருந்தது. அது ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அளவைச் சொல்லும்; அவர் போன் சென்னையிலுள்ள மகனுக்கும் சொல்லிவிடும்.

"தம்பி, இந்தப் போன டிரைவர்கிட்ட குடுத்துட்டு வாங்க. எட்டக் கெடந்தா அவனுக்குத் தெரியாது."

"போன் பக்கத்துல வந்ததும் விட்டுப்போன அளவெல்லாம் சேர்ந்து ஏறிடும்மா."

"ஏறட்டும். அதுக்குள்ள வெரசா தின்னுருவேன்."

பெருமாள்மலையில் போனை வாங்கிவந்து கொடுத்தேன். திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. உடனே மகன் அழைத்தான்.

"ஏலே, ரெண்டு விரல்தான் நக்குனேன்! கத்தாதடா, பஸ்ஸே கேக்குது!"

எனக்கு வயிறு எரிந்தது. சென்சாரைப் போனோடு ஒரே முயற்சியில் இணைத்தவன் நான். ஆனால் அண்ணனோடு பேச்சில்லை. எவ்வளவு ஏறினாலும் என்னைத் திட்ட ஆளில்லை. மிச்சப் பஞ்சாமிர்தத்தை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார் அந்த அம்மா.

இன்று சென்சார் செயலியிலிருந்து, என் அளவைப் பார்க்கச் சொல்லி அண்ணனுக்கு அழைப்பு அனுப்பப் போகிறேன். அவன் ஏற்றுக்கொண்டதும், அந்த டப்பாவில் ரெண்டு விரல்.