டாவும் டீயும்

ரியாத்தில் பத்தா, தோஹாவில் ஒரு கேம்ப், பிறகு ஷார்ஜாவில் முவைலா என்று மாறி மாறி வந்தவன் நான். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஏசி வேலை கையில் இருந்ததால் அநேகமாக எங்கும் பட்டினி கிடக்கவில்லை. கிடந்த நாட்களும் பெரிதாகச் சொல்லும்படி இல்லை.

துபாயில் ஓர் ஆங்கிலப் பள்ளியின் இசை அறைக்கு ஏசி பார்க்கப் போயிருந்தேன். உள்ளே பெரியவர்கள் சேர்ந்து பாடும் கொயர் ஒன்று பயிற்சி செய்துகொண்டிருந்தது. ஆர்கன், பியானோ எதுவும் இல்லை. பள்ளியின் இசை வாத்தியார், ஒரு வெள்ளைக்காரர், இரும்புக் கவை ஒன்றை முழங்காலில் தட்டிக் காதில் வைத்து அதிலிருந்து சுருதி எடுத்துக் கொடுத்தார். இங்கிலாந்தில் நானூறு வருஷத்துக்கும் முன்னால் செய்த லத்தீன் பாட்டுகள். ஏணியில் நின்றபடி, ஆண்களின் மேல்குரலான டெனரை நானும் என்னையறியாமல் முனகியிருக்கிறேன். அவர் அண்ணாந்து பார்த்தார். சின்ன வயதில் ஊர்ச் சர்ச்சில் டோ, ரே, மீ என்று சுரம் சொல்லும் சோல்ஃபா படித்தேன் என்றதும், சனிக்கிழமை சனிக்கிழமை வரச் சொன்னார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஏசிக்காரனை யாரும் சும்மா பாடக் கூப்பிடுவதில்லை. வீட்டு ஏசியையும் பார்க்கச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். கடைசிவரை சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பக்கத்தில் நின்றவர் தூத்துக்குடிப் பக்கத்து ஆண் நர்ஸ். நானும் அந்தக் கரைதான். பெண்கள் பாடும் உயரத்தில் ஆல்டோ பாடுவார். அவரோடு ஒரே ரூமில் இருந்தவனும் கொயரில் உண்டு, என்னைப் போலவே டெனர். இந்த நிலைமையில்தான் மஸ்கட் பேச்சு வந்தது. அங்கே ஒரு சர்ச்சில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள், வேனில் இடம் குறைவு, டெனருக்கு ஓர் ஆள்தான் என்றார் வாத்தியார். நான் மஸ்கட் பார்த்ததில்லை. பார்க்காத ஊர் என்றால் எனக்குக் கால் நிற்காது. அந்த ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது.

பாட்டின் முடிவுக்குச் சற்று முன்னால் ஓர் இடம் உண்டு. மேல் டோவுக்கு அடுத்த கீழ்ச்சுரம் டீ. அதை அரைப்படி இறக்கினால் டா. அந்த இடத்தில் என் வரி டா. அதே நொடியில் நர்ஸ் டீ பாடுவார். பல் கூசும். ஒவ்வொரு முறையும் வாத்தியார் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார். ஐந்து கோடு போட்டு எழுதும் இசைக் குறி எனக்கு வராது. என் வரியை மட்டும் கேட்டுக் கேட்டுச் சோல்ஃபாவாகத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். ஆகவே நர்ஸின் தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலும் எனக்குத் தெரியாது. தன் ரூம்காரனை மஸ்கட்டுக்கு ஏற்ற, வேண்டுமென்றே என்னைக் கெடுக்கிறார் என்று முடிவு செய்தேன்.

ஒரு நாள் வாத்தியார் கதை சொன்னார். இந்தப் பாட்டுகளில் சிலவற்றை அந்தக் காலத்தில் வெளியே பாட முடியாதாம். அரசாங்கம் தடை போட்டிருந்த பழைய கத்தோலிக்கச் சபைக்காரர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவார்களாம். வேவுக்காரன் யாராகவும் இருக்கலாமாம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் நர்ஸைப் பார்த்தேன்.

என் தாளில் அவருடைய சுரத்தையும் மேலே குறித்து வைத்தேன். ரூமில் பக்கத்துக் கட்டில்காரன், ராமநாதபுரத்துப் பெயிண்டர், அதை எடுத்துப் பார்த்தான்.

"என்னண்ணே, அவருக்கு டீ, உங்களுக்கு டாவா?"

"அந்தாளு தப்பாப் பாடுதான்."

"பொம்பளக் குரல்ல பாடுறவருக்கு டீ, உங்களுக்கு டா. முறையாத்தானே கூப்புட்டிருக்காங்க?"

தாளைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆள் எடுக்கும் சனிக்கிழமை வந்தது. நாங்கள் இரண்டு டெனரும் ஒருவர்பின் ஒருவராகக் கொயரோடு பாடவேண்டும். முதலில் அவன் பாடினான். அந்த இடம் வழக்கம்போல் கூசியது. சந்தேகம் வராமலிருக்க நர்ஸ் அவனிடமும் அதையே செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு அது காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். என் முறை வந்தபோது நர்ஸின் சூழ்ச்சிக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று நானும் டீக்கு ஏறிவிட்டேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

வாத்தியார் நிறுத்தினார். "இனிமையாக இருக்கிறது, ஆனால் தப்பு," என்றார் ஆங்கிலத்தில். நர்ஸை டீ பிடிக்கச் சொல்லி, தானே டா பாடிக் காட்டினார். இரண்டும் மோதவேண்டும், எழுதினவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார், அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரர்களுக்கு அதில் ஒரு ருசி, இப்போது பாடுகிறவர்கள்தான் பயந்துபோய் மழுப்பிவிடுகிறார்கள் என்றார். மஸ்கட்டுக்கு அவனை எடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் நர்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீருதான் கெடுக்கீருன்னு நானும் நெனச்சேன் வே. வாத்தியார்ட்டயே போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"உன் தாள்ல இருக்கிறத மட்டும் பாடுன்னாரு. பாடுனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நீரு எம்மூஞ்சியப் பாத்தா, கடிச்ச நாயப் பாக்க மாதிரில்லா பாத்தீரு. எங்க சொல்ல?"

அவர்கள் மஸ்கட் போன வாரம் எனக்கு டியூட்டி. ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் கம்ப்ரசர் மாற்றிக்கொண்டிருந்தபோது நர்ஸிடமிருந்து வாட்ஸப் வந்தது. முழுப் பாட்டு இல்லை, அந்த ஓர் இடம் மட்டும். நிழலுக்குப் போய்க் காதில் வைத்துக் கேட்டேன். கூசவில்லை. மறுபடி கேட்டேன். சர்ச் நிறையக் கூட்டத்தைப் பார்த்ததும் அவன் பயந்து டீக்கு ஏறியிருக்கிறான்.

இதை எனக்கு ஏன் அனுப்பினார்? ஆறுதலா, உள்குத்தா? ரொம்ப நேரம் யோசித்தும் பிடிபடவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் ஊர் மரியாதையாக 'வே' போட்டுத்தான் பேசுவோம். அன்று மட்டும், "டா எங்கடா?" என்று எழுதிப் போட்டேன்.

கொஞ்சம் கழித்துப் பதில் வந்தது: "டா இங்க வரல வே. சனிக்கிழம நீரே கூட்டிட்டு வாரும்."

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். அவர் வந்ததும், தாளை எடுத்து அந்த இடத்தை இருவரும் பாடிப் பார்ப்போம் என்றேன். நான் டாவில் நின்றேன். அவர் டீயில் நின்றார். நன்றாகக் கூசியது. அப்போதும் அவர் எப்போது இறங்குவார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.